குறைமாதக் குழந்தையின் மூச்சு: எக்ஸ்ரே படத்தில் தெரியாத சாதி

திருப்பனந்தாளிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் மேலும் நாற்பது கிலோமீட்டர். அணைக்கரை வழியாகச் சென்னைக்குப் போகும் பேருந்துகளுக்கும் நெல் மூட்டை ஏற்றிய லாரிகளுக்கும் இது பொருட்படுத்தத்தக்க தொலைவே இல்லை. ஆனால் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகும் ஒன்றரைக் கிலோக் குழந்தைக்கு இந்த அறுபது கிலோமீட்டர்தான் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான தொலைவு.

காசி மடம் அமைந்திருக்கும் ஊர் என்றே திருப்பனந்தாளை வெளியூரார் அறிவர். மடங்களும் கோயில்களும் பெருநிலக்காரர்களும் உடைமையாகக் கொண்ட வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு இறங்கியவர்கள் வாழும் வட்டாரம் என்பது அதன் மறுபக்கம். இவ்வட்டாரம் அடங்கிய திருவிடைமருதூர் இன்று பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. குறைமாதக் குழந்தையின் மூச்சுத்திணறலைப் பற்றிப் பேசும்போது நிலத்தையும் கூலியையும் தொகுதியையும் ஏன் இழுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் குழந்தையின் நெஞ்சுப் படத்தை முதலில் பார்த்துவிட்டு அக்கேள்விக்கு வருவோம்.

வெள்ளைப் படம் சொல்வது

எக்ஸ்ரே படத்தில் காற்று கருப்பாகத் தெரியும்; எலும்பும் நீரும் தசையும் வெளுத்துத் தெரியும். நன்றாக மூச்சுவிடும் குழந்தையின் நுரையீரல் ஆகவே கரிய நிறத்தில் விரிந்திருக்கும். குறைமாதக் குழந்தையின் படமோ தேய்த்த கண்ணாடியைப் போல மங்கி வெளுத்திருக்கும். அந்த வெண்மையின் நடுவே மூச்சுக்குழல்கள் மட்டும் இலையுதிர்ந்த மரத்தின் கிளைகள் போலக் கருப்பாகத் தெரியும். நோய் முற்றிய நிலையில் நுரையீரல் முழுவதும் வெளுத்து, இதயத்தின் விளிம்பைக்கூடப் பிரித்தறிய முடியாது போய்விடும்.

இந்த வெண்மைக்குக் காரணம் சர்ஃபேக்டன்ட் என்னும் வழவழப்பான பொருளின் பற்றாக்குறை. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளின் உட்சுவரில் படிந்து, மூச்சை வெளிவிடும்போது அவை ஒட்டிக்கொள்ளாமல் காப்பது இதன் வேலை. கருவிலிருக்கும் குழந்தையின் உடலில் இது போதுமான அளவுக்குச் சேர்வதற்கு 34, 35 வாரங்கள் ஆகின்றன. அதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தையின் காற்றறைகள் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியதைப் பிரித்துத் திறக்க அக்குழந்தை தன் முழுப்பலத்தையும் செலவிட வேண்டியிருக்கிறது. சில மணி நேரத்தில் களைத்து மூச்சை நிறுத்துகிறது.

ஆனால் வெளுத்த படமெல்லாம் ஒரே நோயைச் சொல்வதில்லை. தாயிடமிருந்து தொற்றிய நிமோனியாவும் ஏறக்குறைய இதே போன்ற படத்தைத் தரக்கூடும். அதனால்தான் இரத்தப் பரிசோதனையின் முடிவு வரும்வரை நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் சேர்த்தே கொடுக்கிறார்கள். பிரசவ வலி தொடங்குமுன் அறுவைச் சிகிச்சையால் எடுக்கப்பட்ட குழந்தையின் நுரையீரலில் நீர் முழுதாக வடியாமல் தங்கி, படத்தில் நுரையீரல் மடல்களின் இடையே வெண்கோடாகத் தெரியும். இது பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே சரியாகிவிடும். தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடும், தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடும் அறுவைப் பிரசவங்கள். ஆகவே இந்த வேறுபாட்டை அறிவது இங்கே ஏட்டறிவோடு நிற்கும் செய்தியன்று. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்கிவிட்டாலோ, படத்தின் ஒரு பக்கம் கோடேதுமற்ற கருமையாகத் தெரியும். அந்தக் குழந்தைக்கு உடனடியாக ஊசி செலுத்திக் காற்றை வெளியேற்றாவிட்டால் நிமிடங்களில் உயிர் போகும்.

ஆகவே படம் தேவை. படத்தைக் குழந்தையின் படுக்கையருகிலேயே எடுக்கும் கருவியும், இரவு இரண்டு மணிக்கும் அதைப் படித்துச் சொல்லும் கண்ணும் தேவை. அண்மை ஆண்டுகளில் நுரையீரலை அல்ட்ராசவுண்டு மூலம் பார்க்கும் முறை பரவி வருகிறது. அதில் கதிர்வீச்சு இல்லை. குழந்தையை வெதுவெதுப்பான இடத்திலிருந்து அசைக்க வேண்டியதில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒவ்வோர் அல்ட்ராசவுண்டு கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும். பெண் குழந்தைகளைக் காக்க அச்சட்டம் இன்றியமையாதது. அதைத் தளர்த்தாமலே, அரசுப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கெனத் தனியே கருவிகளைப் பதிவு செய்து பயிற்சியளிப்பது அரசால் செய்யக்கூடிய வேலைதான்.

படத்துக்கு முன்னால் கண்

கருவி இல்லாத இடத்திலும் நோயைக் கண்டுகொள்ள வழியுண்டு. 1956ஆம் ஆண்டிலேயே சில்வர்மன், ஆண்டர்சன் என்னும் இருவர் ஐந்து அறிகுறிகளைக் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தனர். மேல்நெஞ்சும் வயிறும் ஒருசேர அசைகின்றனவா, விலா எலும்புகளின் இடையே தசை உள்ளே இழுக்கிறதா, நெஞ்செலும்பின் அடி குழிகிறதா, மூக்குத் துளைகள் விடைக்கின்றனவா, மூச்சு விடும்போது முனகல் கேட்கிறதா என்பவையே அவை. நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்குவதையும் சேர்த்துக்கொண்டால், எந்தக் கிராம சுகாதாரச் செவிலியரும் எந்தப் பாட்டியும் ஆபத்தை முன்கூட்டியே அறியலாம். இந்த ஐந்தையும் சேரிதோறும் கற்பிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

இங்கே நிறத்தைப் பற்றி ஒரு சொல். பிறந்த குழந்தையின் நிலையை மதிப்பிட 1953ஆம் ஆண்டு வெர்ஜினியா ஆப்கர் வகுத்த அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. அதன் ஐந்து கூறுகளில் ஒன்று நிறம். உடல் முழுவதும் இளஞ்சிவப்பாக இருந்தால்தான் முழு மதிப்பெண். கருத்த தோலுள்ள குழந்தைக்கு இந்த அளவு எப்படிப் பொருந்தும்? இங்கிலாந்தில் 2023ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதையே கேள்வியாக எழுப்பி, நிறத்தை நம்பியிருக்கும் மதிப்பீடுகளைத் திருத்தவேண்டும் என்றது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியும் கருத்த தோலில் உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி கண்டுகொள்ளாத ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினப் பெரியவர்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. வெயிலில் உழைத்துக் கருத்த பெற்றோரின் குழந்தைகளுக்கு நீலம் பாய்ந்திருக்கிறதா என்று அறிய நாக்கையும் ஈறுகளையும்தான் பார்க்க வேண்டும். நிறம் இந்த நாட்டில் அழகின் அளவுகோலாக மட்டும் நின்றுவிடவில்லை. மருத்துவக் கருவிக்குள்ளும் அது குடியேறியிருக்கிறது.

அறுபது ஆண்டுகளில் மாறியது என்ன?

1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். உலகின் பெருவல்லரசினுடைய மருத்துவ ஆற்றல் முழுவதும் அந்தத் தொட்டிலைச் சுற்றி நின்றது. 39 மணி நேரத்தில் குழந்தை இறந்தது. நோய்க்குக் காரணம் சர்ஃபேக்டன்ட் குறைவே என்பதை மேரி எலன் ஏவரி, ஜியர் மீட் ஆகியோர் 1959லேயே கண்டறிந்திருந்தும், அதைச் சரிசெய்யும் வழி அன்று எவரிடமும் இல்லை.

வழிகள் பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. சுருங்கும் காற்றறைகளைத் தொடர்ந்த காற்றழுத்தத்தால் திறந்தே வைத்திருக்கும் சி-பேப் முறையை கிரெகரி 1971இல் அறிமுகப்படுத்தினார். குறைமாதப் பிரசவம் நேரப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிரும் என்பதை நியூசிலாந்தின் லிக்கின்சும் ஹோவியும் 1972இல் நிறுவினர். ஜப்பானின் ஃபுஜிவாரா 1980இல் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபேக்டன்டைக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் செலுத்தி வெற்றி கண்டார். இன்று பேட்ரிக்கைப் போன்ற குழந்தை நல்ல மருத்துவமனை ஒன்றில் பிறந்தால் ஏறக்குறைய உறுதியாகப் பிழைத்துவிடும்.

இவற்றுள் மிக மலிவானது எது என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி சில ரூபாய்க்குக் கிடைப்பது. 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, 6 மில்லிகிராம் வீதம் நான்கு ஊசிகள். 24 முதல் 34 வாரங்களுக்குள் குறைமாதப் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு முதல் ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம் எனத் துணைச் செவிலியர்களுக்கே ஒன்றிய அரசு 2014இல் வழிகாட்டியிருக்கிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக நலவாழ்வு அமைப்பு நடத்திய ஆய்வு, மருத்துவ வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளிலும் இவ்வூசி பச்சிளங்குழந்தைச் சாவுகளைக் குறைக்கிறது என்று 2020இல் உறுதிசெய்தது. ஆகவே ஒரு குறைமாதக் குழந்தை மூச்சுத்திணறி இறந்தால் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி இதுதான்: தாய்க்கு அந்த ஊசி போடப்பட்டதா? எந்த இடத்தில், எத்தனை மணிக்கு?

சி-பேப் கருவியின் எளிய வடிவத்துக்கும் பெருஞ்செலவு இல்லை. குழந்தையின் மூக்கில் பொருத்திய குழாயின் மறுமுனையை நீருக்குள் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் அமிழ்த்தினால் அந்த ஆழத்துக்குரிய அழுத்தம் நுரையீரலில் நிலைக்கிறது. குமிழிகள் வந்துகொண்டிருக்கும்வரை கருவி வேலை செய்கிறது என்று பொருள். ஆனால் அந்தக் குமிழிகளை இருபத்துநான்கு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு செவிலியர் வேண்டும்.

சர்ஃபேக்டன்டுதான் விலை மிகுந்தது. ஒரு குப்பிக்கே ஆயிரக்கணக்கான ரூபாய். நம் நாட்டின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றிருந்தும், தனியார் மருத்துவமனையில் இதன் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தாலியைக் கழற்ற வேண்டிய நிலையில்தான் கூலிக்குடும்பங்கள் இருக்கின்றன. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பரவலாகப் பயன்படும் சர்ஃபேக்டன்ட் மருந்துகள் மாட்டின் நுரையீரலிலிருந்தோ பன்றியின் நுரையீரலிலிருந்தோ பிரித்தெடுக்கப்படுபவை. ஆட்டு நுரையீரலிலிருந்து எடுக்கும் மருந்தை இந்திய ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மாட்டைத் தின்றார்கள் என்றும், செத்த மாட்டின் தோலை உரித்தார்கள் என்றும் ஒரு மக்கள் கூட்டத்தைத் தீட்டென ஒதுக்கிய சமூகத்தின் குழந்தைகள், அதே மாட்டின் நுரையீரல் சாற்றால் முதல் மூச்சை முழுதாக இழுக்கின்றனர். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. தீட்டு என்பதற்கு அறிவியலில் இடமில்லை என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று கிடைப்பது அரிது.

ஆக்சிஜனும் அளவோடு தரவேண்டிய மருந்தே. 1940களிலும் 50களிலும் மிகையாக ஆக்சிஜன் கொடுக்கப்பட்டதால் உலகில் ஏறக்குறைய பத்தாயிரம் குறைமாதக் குழந்தைகள் பார்வை இழந்தனர். இன்றும் இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையுடனோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைகளுக்கு முதல் முப்பது நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. வீடு திரும்பியபின் அந்தப் பரிசோதனைக்காக மீண்டும் தஞ்சாவூர் வரை போக, ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்க வேண்டும். மூச்சு பிழைத்தும் பார்வை தவறும் இடம் இது.

நாற்றங்காலிலிருந்து தொடங்கும் நோய்

இனி நிலத்துக்கும் கூலிக்கும் வருவோம். 2020ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தனர் என்பது உலக நலவாழ்வு அமைப்பும் யூனிசெஃபும் வெளியிட்ட மதிப்பீடு. அவர்களில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். எந்த நாட்டைவிடவும் இது அதிகம். குறைமாதப் பிரசவத்துக்குக் காரணங்கள் பல: தாயின் இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம், சிறுநீர்த்தொற்று, இளவயதுக் கருவுறுதல், அடுத்தடுத்த பேறு, கடும் உடலுழைப்பு. இவற்றில் எத்தனை சாதியோடும் நிலவுடைமையோடும் தொடர்பற்றவை?

தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 குடும்பநல ஆய்வு கூறுகிறது. நெற்களஞ்சியம் என்று புகழப்படும் இப்படுகையில், அந்நெல்லை நடுபவர்கள், களை பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பெரும்பகுதியினர் நிலமற்ற தலித் பெண்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டிக் குறுவை நடவு தொடங்கினால், சேற்றில் கணுக்கால் புதைய, இடுப்பு வளைய, வெயிலேற வேலை. கருவுற்ற பெண்ணுக்கும் கூலி அன்றன்றைய வேலைக்கே. வேலைக்குப் போகாத நாளில் கூலியில்லை. ஒதுங்குவதற்கு இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதும், அதனால் சிறுநீர்த்தொற்று வருவதும் வயல்வேலைப் பெண்கள் அனைவரும் அறிந்தவை.

சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வு, கடும் வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவின் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்ததைக் காட்டியது. வெப்பம் ஆண்டுக்காண்டு ஏறுகிறது. அதைத் தாங்குமாறு நிற்கவைக்கப்படுபவர்கள் மாறவில்லை.

மகப்பேற்றுக்கு ஓய்வு என்பது இந்நாட்டில் சாதியைப் போலவே படிநிலை கொண்டது. அமைப்புசார்ந்த தொழிலில் இருக்கும் பெண்ணுக்கு 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பைத் தந்தது. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். வயலில் நாற்று நடுபவருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் தருவது 18,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகம், மிச்சம் 14,000. நாள் கூலி 300 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் அது 47 நாள் கூலிக்குக்கூடச் சற்றுக் குறைவு. அதுவும் தவணைகளாக, நிபந்தனைகளோடு, முதல் இரண்டு பேறுகளுக்கு மட்டும். பல மாநிலங்களில் இல்லாத நல்ல திட்டம் இது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏழாம் மாதத்தில் வயலிலிருந்து ஒரு பெண்ணைக் கரையேற்றும் வலு இத்தொகைக்கு இல்லை.

சராசரிக்குள் மறைபவர்கள்

தமிழ்நாட்டின் குழந்தை இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 13 என்று 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அமைப்பு கூறியது; அனைத்திந்திய அளவு 28. பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனையில் நிகழ்கின்றன. பொது மருத்துவத்தில் பல பதிற்றாண்டுகள் இம்மாநிலம் செய்த முதலீட்டின் பயன் இது. இதை மறுப்பது நம் நோக்கமன்று. இந்தச் சராசரிக்குள் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

மாதிரிப் பதிவு அமைப்பின் ஆண்டு அறிக்கைகள் ஊர்ப்புறம், நகர்ப்புறம், ஆண், பெண் எனப் பிரித்துச் சொல்கின்றன, சாதிவாரியாகச் சொல்வதில்லை. சாதிவாரியாகச் சொல்லும் குடும்பநல ஆய்வின் அனைத்திந்திய எண்கள் இவை: ஓராண்டு நிறையுமுன் இறக்கும் குழந்தைகள், பட்டியல் சாதியினரிடம் ஆயிரத்துக்கு 40.7, பட்டியல் பழங்குடியினரிடம் 41.6, பட்டியல் பிரிவுகளிலும் பிற்படுத்தப்பட்டோரிலும் அடங்காத பிறரிடம் 28.0. ஆயிரம் பிறப்புக்குப் பதின்மூன்று குழந்தைகள் இந்த இடைவெளியில் புதைகின்றன. இதை எந்த எக்ஸ்ரே படமும் காட்டாது.

இடைவெளி வறுமையால் மட்டும் வருவதா? பதினொரு மாநிலங்களில் 565 ஊர்களில் நடத்தப்பட்டு 2006இல் நூலாக வந்த தீண்டாமை ஆய்வில், மூன்றில் ஒரு பங்கு ஊர்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்தது பதிவாகியிருக்கிறது. குஜராத்திலும் இராசஸ்தானிலும் சங்கமித்ரா ஆச்சார்யா 200 தலித் குழந்தைகளிடம் கேட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வு, தொட்டுப் பார்க்காமை, மருந்தை எட்ட நின்று கொடுத்தல், கடைசியாகப் பார்த்தல் என்று பாகுபாட்டின் வடிவங்களை வரிசைப்படுத்தியது. இவை தமிழ்நாட்டு எண்கள் அல்ல. ஆனால் சேரிக்கு வராத செவிலியர், காத்திருப்பு வரிசையில் கடைசி இடம், கர்ப்பிணியிடம் எறியப்படும் கடுஞ்சொல் ஆகியவை இங்கு நாம் கேட்டறியாதவை என்று எவரால் சொல்ல முடியும்?

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமையின் பேரால் மருத்துவமனையில் அனுமதி மறுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தமும் மருத்துவமனைக்குள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாகச் சேர்த்தது. சட்டம் பிடிப்பது வாயிற்கதவு மூடப்படுவதை. குறைமாதக் குழந்தையைக் கொல்வதோ பெரும்பாலும் தாமதம். ஊசி போட மறந்த அரைமணி, ஆம்புலன்சுக்குக் காத்திருந்த ஒரு மணி, இடமில்லை என்று வேறிடம் அனுப்பிய இரண்டு மணி. தாமதத்துக்கு முதல் தகவல் அறிக்கை எழுதும் சட்டம் எதுவுமில்லை.

மருத்துவமனைக்குள்

2014 நவம்பரில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தன. குறைந்த எடை, மூச்சுத்திணறல் என்று விளக்கம் வந்தது. மருத்துவ முறையில் அவ்விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் 'குறைந்த எடை' என்பது காரணமா, விளைவா? அதைக் காரணமாக எழுதியவுடன் விசாரணை குழந்தையின் உடலோடு நின்றுவிடுகிறது. தாயின் உணவு, வயது, வேலை, வந்துசேர்ந்த வழி ஆகியவை கோப்புக்கு வெளியே போய்விடுகின்றன.

2017 ஆகஸ்டில் கோரக்பூர் மருத்துவக் கல்லூரியில் ஐந்து நாட்களில் 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, நிலுவைத் தொகை செலுத்தப்படாததால் ஆக்சிஜன் வழங்கல் தடைப்பட்டிருந்தது. சாவுகளுக்கு அது காரணமன்று என்று மாநில அரசு மறுத்தது. 2021 சனவரியில் மகாராட்டிரத்தின் பண்டாராவிலும், 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் ஜான்சியிலும் அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் தீப்பற்றி ஒவ்வொன்றிலும் பத்துக் குழந்தைகள் இறந்தன. கருவிகளை வாங்கி அடுக்குவது மட்டும் பராமரிப்பு ஆகாது. அவற்றைக் காக்கும் மனிதர்களும் பணமும் கண்காணிப்பும் தேவை என்பதே இச்சாவுகள் சொல்வது.

தமிழ்நாட்டில் அம்மனிதர்கள் எந்நிலையில் இருக்கிறார்கள்? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்கள் 2017இல் சென்னையில் பெருந்திரளாகப் போராடியதை நாம் மறந்திருக்க மாட்டோம். குமிழிகளைக் கவனிக்கும் செவிலியர் ஒரே நேரத்தில் பல குழந்தைகளைப் பார்க்க வேண்டியிருந்தால், அறையில் கருவி இருந்தும் பயனில்லை. மூச்சுத்திணறலிலிருந்து மீளும் குழந்தையைப் பிறகு கொல்வது பெரும்பாலும் கிருமித்தொற்று. அந்தத் தொற்றைத் தடுப்பதில் முதற்காவலர் தரையைத் துடைப்பவர், கழிவை அகற்றுபவர். அவ்வேலையில் இருப்பவர்களில் மிகப் பலர் தலித் பெண்கள்; ஒப்பந்தக் கூலிகள். ஒரு குழந்தையின் உயிர் அவர்கள் கையில் இருக்கிறது என்பதை அவர்களின் ஊதியச் சீட்டில் காண முடிவதில்லை.

தாயும் அந்த அறைக்குள் ஒரு மருத்துவரே. குறைமாதக் குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் சேர்த்து அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறையை, பிறந்தவுடனேயே தொடங்கினால் சாவு 25 விழுக்காடு குறைகிறது என்பதை இந்தியாவும் பங்கேற்ற ஐந்து நாட்டு ஆய்வு 2021இல் காட்டியது. இதற்கு ஒரு கட்டிலும், தாய்க்கு மூன்று வேளைச் சோறும் போதும். ஆனால் வீட்டில் மூத்த குழந்தைகளை விட்டுவிட்டு, கணவரும் கூலியை இழந்து உடனிருக்க, முப்பது நாள் தஞ்சாவூரில் தங்குவது எப்படி? மருத்துவரின் சொல்லுக்கு மாறாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புபவர்களை அறியாதவர்கள் என்று எழுதி முடித்துவிடுகிறோம். வீட்டில் அடுப்பெரியாததை அறிந்துதான் அவர்கள் திரும்புகிறார்கள்.

கேட்க வேண்டியவை

முதலாவது, இறந்த ஒவ்வொரு குழந்தையின் தாய்க்கும் ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டதா, எங்கே, எப்போது என்னும் விவரத்தை இறப்பு ஆய்வறிக்கையில் கட்டாயமாக்க வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்தில் இவ்விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர்களே கேட்டுப் பெறலாம். தனி ஆளின் பெயர் தேவையில்லை, எண்ணிக்கை போதும்.

இரண்டாவது, சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளின் சேர்க்கை, இறப்பு, வேறிடம் அனுப்பியவை, பாதியில் வெளியேறியவை ஆகிய நான்கையும் சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எண்ணப்படாத அநீதி, இல்லாத அநீதியாகவே நடத்தப்படும்.

மூன்றாவது, 2011இல் தொடங்கிய தாய்-சேய் பாதுகாப்புத் திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, போக்குவரத்து அனைத்தும் இலவசம். பின்னர் இது ஓராண்டு வரை நீட்டிக்கப்பட்டது. எக்ஸ்ரேயை வெளியே எடுத்து வாருங்கள், மருந்தை வெளியே வாங்கி வாருங்கள் என்று சொன்னால் அது உரிமை மீறல். இதைச் சேரியின் ஒவ்வொரு வீடும் அறியச்செய்வது இயக்கங்களின் வேலை.

நான்காவது, வலி கண்ட தாயையே, குழந்தை பிறக்குமுன், உரிய மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு. பிறந்த பின் எந்த ஊர்தியில் கொண்டுசென்றாலும் கருப்பைக்கு அது ஈடாகாது. ஐந்தாவது, ஏழாம் மாதம் முதல் வேளாண் கூலிப் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கு இணையான ஓய்வூதியமும், மருத்துவமனையில் குழந்தையோடு தங்கும் நாட்களுக்குக் கூலி இழப்பீடும். ஆறாவது, பச்சிளங்குழந்தைப் பிரிவுகளின் செவிலியர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் நிரந்தர வேலை.

ஐந்தாவது கோரிக்கை புதிதன்று. 1928 சூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கான மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன். ஆகவே அதன் சுமையில் பெரும்பங்கை அரசே ஏற்கவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். மறு ஆண்டே பம்பாயில் சட்டம் வந்தது. அன்று அவர் பேசியது ஆலையில் வேலை செய்தவளுக்காக. வயலில் நிற்பவளுக்கு அந்த ஓய்வு ஏறக்குறைய நூறாண்டு கழித்தும் வந்து சேரவில்லை.

காவிரிப் படுகையில் அடுத்த குறுவைக்கும் தண்ணீர் வரும், நடவு நடக்கும். அந்த வரிசையில் ஏழுமாத வயிற்றோடு குனிந்திருப்பவள் எத்தனையாவது ஆளாக நிற்கிறாள் என்பதை எண்ணத் தொடங்குவோம். அவள் கரையேறும் நாளிலிருந்துதான் அவள் குழந்தையின் மூச்சுக்கான மருத்துவம் தொடங்குகிறது.